மன்னிப்புக் கேட்கும் புரோகிராம்

"வாஷிங் மெஷின் இன்னும் ஓடவில்லை. உடனே கவனிக்கவும்."

மறுபடியும் அதே வாடிக்கையாளர். புகார்ப் பிரிவு குமாஸ்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஐம்பத்தாறு வயதில் புரோகிராமிங் படித்து, புகார் மெயில் வந்தால் தானாகவே பதில் போடும் புரோகிராம் ஒன்றைச் சொந்தமாக எழுதியிருந்தார் அவர். "வருந்துகிறோம், உடனே கவனிக்கிறோம்" என்று அது உடனுக்குடன் மன்னிப்புக் கேட்டது. மற்றவர்களெல்லாம் அடங்கிவிட்டார்கள். இந்த மனிதர் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருந்தார். போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு அன்னிக்கே கேட்டேன்" என்றார் மேனேஜர். "சாயங்காலத்துக்குள்ள இவரைச் சமாதானப்படுத்துங்க. இல்லேன்னா உங்க புரோகிராமைத் தூக்கிடுவேன். பழையபடி கையாலேயே எழுதிக்கிட்டு உக்காருங்க."

குமாஸ்தா அவசரமாகப் புரோகிராமைத் திறந்தார். தலையைப் பிய்த்துக்கொண்டு கற்ற வித்தையாயிற்றே!

பணிவு போதவில்லை போலும் என்று நினைத்து, "தங்கள் பாதம் பணிந்து" என்று பதிலில் சேர்த்தார். அவசரத்தில் எதையோ மாற்றிவிட, ஒரு பதில் போகவேண்டிய இடத்தில் மூன்று போயின. அதைச் சரிசெய்யப் போய், எல்லாப் பதிலும் மேனேஜருக்கும் போகத் தொடங்கியது.

"என் பாதத்தை எதுக்குய்யா பணியறீங்க?" அறைக்குள்ளிருந்து மேனேஜர் கத்தினார்.

குமாஸ்தாவின் மானம் கப்பலேறியது. ஆனாலும் இந்தத் தடவை தப்பு எந்த வரியில் என்று அவருக்கே தெரிந்தது. யாரையும் கேட்காமல் புரோகிராமை நிறுத்தி, அந்த வரியைத் திருத்தினார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குள் அடுத்த புகார் வந்துவிட்டது. பதிலே போகாதபோதும் திட்டுகிற மனிதரை என்ன செய்வது? நேரில் போய்க் காலில் விழுந்துவிடுவது என்று முகவரியைத் தேடிக் கிளம்பினார்.

ஓர் அம்மாள் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் கம்பெனியிலேர்ந்து வரேம்மா. ஐயா ரொம்பக் கோபமா இருக்காரா?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் நேத்தே சரியாயிடுச்சுங்க. ரிட்டயர் ஆனப்புறம் இவர் புரோகிராமிங் படிச்சு, புகார் தானாப் போறதுக்கு ஒண்ணு எழுதினார். அதை நிறுத்தத் தெரியாமதான் முழிக்கிறார். உங்களுக்காவது தெரியுமா?"