மேல்வானக் குழப்பமும் உங்கள் மகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். தங்கள் நலமும் சம்பந்தியம்மாளின் நலமும் அறிய ஆவல்.

உங்கள் மகளைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பதற வேண்டாம், புகார் இல்லை. வந்த புதிதில் மொட்டைமாடி முழுக்கக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தாளே, அது துணி காயப்போடத்தான் என்று நம்பி நான் ஈரப் போர்வையை விரித்துவிட்டேன், கீழே கணினி முன்னால் இருந்தவள் மூச்சிரைக்க ஓடிவந்து, "மாமா, அது ஏரியல்! வானத்துக்கே என்னவோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். வெகு உயரத்தில் அயனி மண்டலம் என்று ஓர் அடுக்காம், பகலெல்லாம் ஒழுங்காக இருப்பது பொழுது சாய்ந்ததும் சில நாள் பொத்தலும் திட்டுமாகக் கலைந்துபோகுமாம், ரேடியோ அலை அதில் பட்டால் நாலாபக்கமும் சிதறுமாம், சிதறித் திரும்புவதைத்தான் நம் கம்பிகள் பிடிக்கின்றனவாம், அதுதான் அவள் ஆராய்ச்சியாம். "வானம் பொத்தலானா அதுக்கு நம்ம மொட்டைமாடிதான் கெடச்சுதா?" என்று என் மனைவி கேட்டபோதும் சிரித்தாளே தவிர முகம் சுளிக்கவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், திரையைப் பார்த்தவள் சட்டென்று துறைமுகத்துக்குப் போன் போட்டாள். கப்பல்களுக்கு வழிகாட்டும் படகில் உங்கள் மாப்பிள்ளை கடலில் இருந்த நேரம். "மேல்வானம் கலைஞ்சிருக்கு, சிக்னல் தப்பா வரும். செயற்கைக்கோள் காட்டுற இடத்த இப்ப நம்ப வேணாம், கலங்கரை விளக்கத்தப் பாத்து வரச் சொல்லுங்க" என்றாள். "மொட்டைமாடியிலேருந்தா பேசறீங்க?" என்று அங்கிருந்த அதிகாரி கேலி செய்ய, "ஆமா சார், சொன்னத மட்டும் சொல்லிடுங்க" என்றாள். போனை வைத்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டாளே, அப்போதுதான் அவள் விரல்கள் சில்லிட்டிருப்பது தெரிந்தது. படகின் கருவியோ நிஜமாகவே, வழியில் இருக்கும் பாறையை அவர்கள் தாண்டிவிட்டதாகத் தவறாகக் காட்டியிருக்கிறது. பையன் அதைச் சட்டை செய்யாமல் வெளிச்சத்தைப் பார்த்தே கரை சேர்ந்தான். கேலி செய்தவரே வீட்டுக்கு வந்து கும்பிட்டார். நான் தெருவில் ஒருவரை விடாமல் நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு பெண்ணை வளர்த்த உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ மாமா, சரிபாத்துட்டேன், அன்னிக்கு சிதறல் எல்லாம் ரொம்பத் தள்ளி மேற்கால. படகுக்கு மேல வானம் சுத்தமாத்தான் இருந்திருக்கு. கருவியோட ஒயர்தான் துருப்பிடிச்சிருந்துச்சு. துறைமுகத்துல நானே போய்ச் சொல்லிட்டேன்" என்கிறாள். கழுத்தில் விழுந்த மாலையை எவராவது தானாகக் கழற்றிக் கொடுப்பார்களா? ஆகையால் வானத்தைப் பற்றி நான் எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அவளைப் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றமில்லை.