ஆங்கிலப் பாடத்தால் கழன்ற கூரை

முல்லைத்தீவு,
வெள்ளிக்கிழமை.

பேரன்புமிக்க ஞானேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி வீரபாகு எழுதுவது. நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க அம்மாள் துணை. நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்தான். காலையிலிருந்து உங்கள் போனும் வேலை செய்யவில்லை, அதனால் இதை வவுனியா பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

ஐயோ அக்கா, ஓமந்தை ஆசிரியர் கருத்தரங்கில் எங்களுக்கு என்ன படிப்பித்தீர்கள்? "கரும்பலகையை விட்டிட்டு வெளியில வாங்கோ, பிள்ளையள் உண்மையான ஆக்களோட கதைச்சால்தான் இங்கிலீஷ் வரும்" என்றீர்கள். இருபத்திரண்டு வருடம் கரும்பலகையோடு மானமாக இருந்த நானும் நம்பினேன். நீங்கள் தந்த கேள்வித்தாளையே எட்டாம் வகுப்புக்குப் போட்டோக்கொப்பி எடுத்தேன். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, கூரை என்ன, மிகவும் தேவையானது எது, எல்லாம் ஆங்கிலத்தில். ஊரவர்களைக் கேட்டு ஆங்கிலத்திலேயே நிரப்பி வரவேண்டும். நிருபர்கள் மாதிரி இருக்கட்டும் என்று கழுத்தில் பெயரட்டையும் மாட்டி நேற்றுப் பின்னேரம் அனுப்பினேன். வன்னியில் கழுத்தில் அட்டையோடு வந்து கூரையைப் பற்றிக் கேட்கிறவர்கள் வீடு கட்டித்தரும் நிறுவனக்காரர் அல்லவா அக்கா? இந்த மண்டையில் ஏன் அது ஏறவில்லை?

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் நாற்பது பேர், கையில் குடும்ப அட்டைக் கொப்பியோடு. வீட்டுத்திட்டப் பதிவாம்! இது பாடம், வெறும் பாடம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பாடமெண்டால் ஏன் சேர் எங்கட கூரையைக் கேக்கிறியள்?" என்றார் ஒருவர். அதிபர் சுதாகரன் என்னைத் தனியே இழுத்து, "இப்பிடியொரு வீட்டுத்திட்டத்தை எனக்கும் சொல்லாமல் ஒளிச்சுப்போட்டீரே" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அதற்குள் கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, "என்ர பிரிவில எனக்குத் தெரியாமல் ஆர் பதியிறது?" என்று பிள்ளைகள் நிரப்பிய தாள்கள் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இதுவும் போகட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியே இருக்கும் ஹவ்வா உம்மா, பார்க்க வருகிறவர்களின் கண்ணில் கூரை பட்டால் வீடு தரமாட்டார்கள் என்று, குடிலின் தகரம் முழுவதையும் கழற்றி அடுக்கிவிட்டா! மாரி தொடங்கிவிட்டது, வானம் கறுத்துக்கிடக்கிறது. வீடு வராது, திரும்பப் போடுங்கோ என்று கும்பிட்டேன். "இங்கிலீசில கேட்டவங்க சும்மா கேப்பாங்களா மகன்? ரெண்டு நாள் நனைஞ்சா என்ன?" என்கிறா. மனுசி நனைந்து காய்ச்சலில் விழுந்தால் அந்தப் பாவம் எனக்கல்லவா?

நான் சொல்லி அவா கேட்கமாட்டா. கடிதம் கண்டவுடன் வந்து, இது நீங்கள் தந்த தாள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கோ. இனி உங்கள் புதுமுறை எதுவும் என் வகுப்பு வாசலை மிதிக்காது. சொல்வதெழுதுதல் போதும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அம்மாள் உங்களைக் காக்கட்டும், என்னை உங்களிடமிருந்து காக்கட்டும்.

அன்புத் தம்பி,
வீரபாகு

பி.கு.: அக்கா, வரவேண்டாம். கிராம சேவகர் இப்போதுதான் வந்துபோனார். வீடில்லாதவர்களின் விபரத்தை இந்த மாதமே எடுக்கச் சொல்லி அவருக்கு உண்மையாகவே கடிதம் வந்து கிடந்ததாம். எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, எல்லாவற்றுக்கும் சீல் குத்தி மேலே அனுப்பிவிட்டாராம். ஹவ்வா உம்மாவின் பெயர்தான் முதலாவது. பதிந்த செய்தி கேட்ட கையோடு அவா தகரத்தையும் திரும்பப் போட்டுவிட்டா. என் மனைவிதான் என்னோடு கதைபேச்சில்லை. ஊரெல்லாம் பிள்ளைகளை அனுப்பிய நான் எங்கள் வீட்டுக்கு ஒருவரையும் அனுப்பவில்லையாம். கைவசம் இருந்த வெற்றுத் தாளையும் கிராம சேவகர் கொண்டுபோய்விட்டார். எங்கள் வீட்டுக்கும் நிரப்ப இன்னொன்று இருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே அனுப்புங்கோ.