முதல் வரியை விட்டு எழுதிய படிவம்

யாப்புக்காரர் என்றொரு இனம் உண்டு. சங்கம் எதுவென்றாலும் அதற்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. கக்கத்தில் கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனை, வாயைத் திறந்தால் “சட்டப்படி பாத்தால்.” கோயிலுக்கு எழுதுவார், பழைய மாணவருக்கு எழுதுவார், கோடைச் சுற்றுலாவுக்குப் பிடித்த பஸ்ஸுக்குக்கூட எழுதி, ஜன்னலோர ஆசனத்துக்கு வாக்கெடுப்பு நடத்திவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்க விடுவார். பார்த்ததில்லை என்கிறீர்களா? ஒஸ்லோவில் எந்த மண்டபத்துக்கும் போய் முன்வரிசையைப் பாருங்கள்.

அந்த நகரின் ட்வெய்ட்டாவில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா இந்த இனத்தில் முற்றிய ஆள். போன இலையுதிர்காலம் அவரைத் தேடி பிலேந்திரன் வந்தான். அதே நகரில் வெஸ்ட்லியில் சமையல் ஓடர் எடுத்துச் செய்கிற கடை வைத்திருப்பவன். எண்ணெய்த் தாச்சி ஒருமுறை தீப்பிடித்ததில், மே மாதத்தோடு கடையின் காப்புறுதியை நிறுத்தப் போகிறோம் என்று இன்ஷூரன்ஸ் கொம்பனி கடிதம் போட்டிருந்தது. வேறொரு கொம்பனி ஓம், எடுக்கிறோம் என்றது, இரண்டு மடங்கு விலைக்கு.

“அண்ணை, எங்கட சனமே சேர்ந்து ஒரு காப்புறுதி செய்யேலாதே?”

“ஏன் ஏலாது? சட்டப்படி பாத்தால் ஏலும். நீ அவங்களிட்டைக் கையெழுத்து வைச்சுப்போடாதை. பொறு. எங்கட கொம்பனி வருது.”

பிலேந்திரன் பொறுத்தான். அண்ணை சொன்னால் சரிதானே?

ஸ்ரீஸ்கந்தராசா சட்டப் புத்தகத்துக்குள் இறங்கினார். இந்த வகைக் கொம்பனிக்குத் தனி முதலாளி கிடையாது. காப்புறுதி எடுக்கிறவர்கள்தான் சொந்தக்காரர், ஒருவருக்கு நட்டம் வந்தால் மற்றவர்கள் சேர்ந்து தாங்க வேண்டும். அரசாங்க அனுமதி வேண்டும், தொடக்க மூலதனம் வேண்டும், தொழில் திட்டம் வேண்டும், இயக்குநர்களுக்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும், யாப்பு வேண்டும். யாப்பு! அந்தச் சொல்லைக் கண்டதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்றதெல்லாவற்றையும் ‘மிச்சம்’ என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பனி விழுந்து கரைவதற்குள் எண்பத்து நான்கு சரத்துகள் எழுதி முடித்தார். பன்னிரண்டாவது சரத்து அவரையே கண் கலங்க வைத்தது: ஒருவரின் இழப்பு அனைவரின் இழப்பு.

ஏப்ரலில் கொம்பனியைத் தொடக்கிவைக்கும் அங்குரார்ப்பணக் கூட்டம். முப்பத்தொரு பேர் வந்தார்கள். பதவிகள் பதினொன்று. தலைவர் தெரிவு ஒரு மணித்தியாலம், பெயருக்குப் பெரியவராக இருக்கும் போசகர் ஒருவரா இருவரா என்பது இரண்டு மணித்தியாலம். இடையில் வடை.

கோயம்புத்தூர்க்காரி ஹரிப்ரியா, காப்புறுதிக் கணக்குப் போடுவதே தொழிலாகக் கொண்டவள், ஆலோசனைக்கு அழைக்கப்பட்டிருந்தாள். கடைசியில் கையை உயர்த்தினாள்.

“அங்கிள், நிர்வாகிங்க ஓகே. இன்ஷூர் பண்ணிக்கப்போறது யாரு? மெம்பர் இல்லாம லைசென்ஸுக்கு அப்ளையே பண்ண முடியாதே?”

அதுவும் ‘மிச்ச’த்தில் இருந்தது. உடனே காப்புறுதி எடுப்போர் பெயர் எழுத ஒரு படிவம் அச்சடித்துப் பிலேந்திரனிடம் கொடுத்தார்கள். அவன் முதல் வரியில் எழுதுவானா? அது அண்ணைக்குரிய வரி. மரியாதையாக அதை விட்டு, இரண்டாவது வரியில் தன் கடையை எழுதினான். படிவம் மண்டபத்தைச் சுற்றியது. “முதல் பேர் விழட்டும், பிறகு போடுவம்” என்று ஒவ்வொருவரும் பக்கத்துக் கதிரைக்குத் தள்ள, அது ஸ்ரீஸ்கந்தராசாவிடம் வந்து நின்றது.

“உங்கட வீட்டைப் போடுங்கோ அண்ணை,” என்றான் பிலேந்திரன்.

ஸ்ரீஸ்கந்தராசா பேனையைத் திறந்தார். அப்போதுதான் பன்னிரண்டாவது சரத்து அவருக்கு உண்மையிலேயே விளங்கியது. இவன்ரை தாச்சி இன்னொருக்காப் பத்தினால் என்ர காசெல்லே போகும்? பேனையை மூடி, படிவத்தைப் பிலேந்திரனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“என்ர வீடு முப்பது வருசமா ஒரு கொம்பனியில இருக்கு தம்பி. நல்ல நம்பிக்கையான கொம்பனி.”

“அப்ப இது?” என்றாள் ஹரிப்ரியா.

“இது சமூகத்துக்கெல்லே!”

சமூகம் மிஞ்சிய வடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

பிலேந்திரன் மற்றக் கொம்பனியிடம் ஓடினான். அவர்கள் சொன்ன விலையின் தவணை கடந்துவிட்டது. புதிதாக விண்ணப்பி, பார்ப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூன் வந்தது. இரண்டாவது வாரம் கடைக்கு மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தரை, குளிர்ப்பெட்டிகள், அரிசி மூட்டைகள் எல்லாம் நாசம். காப்புறுதி இல்லை. இப்போது அவன் இன்னொருவரின் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறான்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவேண்டும். ஒரு மாதம் வெஸ்ட்லிப் பக்கம் தலை காட்டவில்லை. பிறகு அவசரக் கூட்டம் கூட்டி அனுதாபத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். ‘அனுதாபம்’ என்பதற்கு முன்னால் ‘ஆழ்ந்த’ சேர்க்கவேண்டும் என்றொரு திருத்தம் வந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

நீங்கள் தலையை ஆட்டுவது தெரிகிறது. என்ன மனிசன் இவர், நானென்றால் முதல் ஆளாகப் போட்டிருப்பேன் என்கிறீர்கள். நல்லது. படிவம் இன்னும் பிலேந்திரனிடம் இருக்கிறது, முதல் வரியை யாரும் தொடவில்லை. அதுசரி, உங்கள் வீடு இப்போது எந்தக் கொம்பனியில் இருக்கிறது?