சவ வண்டிக்குப் பின்னால் பதினொரு கார்கள்

ரோலின்ஸ் ஃபெரி, மிசிசிப்பி
ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு

கர்த்தருக்குள் அன்பும் அச்சமும் நிறைந்த வெர்லீன் அக்காவுக்கு, தம்பி எல்ராய் எழுதுவது. இங்கே நானும் ஜெனீவாவும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை உன் ஜெபத்தில் தனியாகச் சேர்த்துக்கொள். சிகாகோவில் நீயும் உன் ரத்த அழுத்தமும் ஒருவருக்கொருவர் அனுசரித்துப் போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. பதில் எழுதுவதற்கு முன் ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல். போன செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் காரில் நான் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டு ஓடியது. அது காதால் கேட்கிற பாட்டு இல்லை, பல்லால் கேட்கிற பாட்டு. என் காரின் நம்பர் பலகை அதற்கு ஜால்ரா போட்டது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு நர்ஸ். "ஏம்மா, உயிரைக் காப்பாத்துற வேலை பாக்குற நீ இதையா கேக்குறே? இதைப் பாடுறவனைப் பெத்த அப்பன் மட்டும் என் கையில கிடைச்சான்னா நிக்க வச்சு ரெண்டு கேள்வி கேப்பேன்" என்றேன். அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தாராளமா கேளுங்க டேட்டம் சார். வீட்ல கண்ணாடி இருக்குல்ல?" என்றாள்.

சொந்த மகன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அக்கா. வீட்டில் அவன் பேசுவது "சரிப்பா", "இல்லப்பா", "சோளரொட்டி இன்னும் இருக்கா" என்ற மூன்றுதான். பாட்டில் அந்த மூன்றும் வரவில்லை.

நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய். டெமேரியஸ் ராப் பாடகனாகிவிட்டது உண்மையா, அதில் கெட்ட வார்த்தை பேசுகிறானா, நம் மாதிரிக் குடும்பத்தில் இது எப்படி நடந்தது என்று. அடுத்த மாதம் சிகாகோவில் அவன் பாடும்போது முதல் வரிசையில் உனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறான், அதற்கு நீ "என் சவ அடக்கத்துக்கு வேண்டுமானால் வருகிறேன்" என்று பதில் அனுப்பியிருக்கிறாய். பையன் அதைப் படித்தான். இரண்டு நாள் சோளரொட்டி கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு, உண்மைதான். அவன் மேடைப் பெயர் குட்டி ஹெட்லைட். ஆள் ஆறடி இரண்டங்குலம், பெயரில் மட்டும் குட்டி. இந்தத் தொழிலில் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்களாம். இரண்டாவது கேள்விக்கு, அவன் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விதமாகப் பதிவு செய்கிறான். ஒன்று எல்லாம் உள்ளது, இன்னொன்றில் கெட்ட வார்த்தை வரும் இடமெல்லாம் வெறுமையாக விட்டது. நம் சபை ஜனங்களுக்கு வெறுமையாக விட்டதுதான் தெரியும். நானும் அதைத்தான் கேட்கிறேன் என்று எழுதிக்கொள். ஆனால் போன மாதம் வண்டி கழுவிக்கொண்டே அதை முணுமுணுத்தபோது, அந்த வெறும் இடங்களை என் வாய் தானாக நிரப்பிவிட்டது. பக்கத்தில் போதகர் நின்றிருந்தார். அவர் இருமினார். நானும் இருமினேன். விஷயம் அதோடு முடிந்தது.

மூன்றாவது கேள்விதான் பெரியது. இருபத்தாறு வருஷமாகப் பாஸ்கமின் சவ அடக்க நிலையத்தில் நான் வண்டி ஓட்டுவதும், சின்ன வயதில் பள்ளி விட்டதும் இவன் அங்கேதான் வந்து கிடப்பான் என்பதும் உனக்குத் தெரியும். விற்பனைக்கு வைத்திருக்கும் சவப்பெட்டிகளை இவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். எஃகுப் பெட்டிக்கு ஒரு சத்தம், பாப்லர் மரத்துக்கு ஒரு சத்தம், மஹோகனிக்கு வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். ஒருநாள் தனக்கே பெட்டி பார்க்க வந்த ஒரு பெரியவர் இவன் தட்டுகிற தாளத்துக்குக் காலை ஆட்டிக்கொண்டே நின்று, கடைசியில் மஹோகனியையே எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பாஸ்கம் இவனைத் தடுத்ததே இல்லை. பெரியவனானதும் பாட்டுப் பதிவு செய்ய அமைதியான இடம் தேடியிருக்கிறான். ஊரிலேயே அமைதியான இடம் நம் சவ வண்டியின் பின்பக்கம்தானே, நான்கு பக்கமும் வெல்வெட் திரை. அவன் முதல் பாட்டில் நடுவில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஜனங்கள் அதைத் தாளம் என்று ரசிக்கிறார்கள். மூன்று மணி அடக்கத்துக்கு வண்டி வேண்டும் என்று நான் கதவைத் தட்டியது அது.

பத்தொன்பது வயதில் அவனும் பாஸ்கமிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, நம் குடும்பத்தில் ஒருவனாவது டை கட்டி வேலை பார்க்கட்டும் என்று நீ ஒரு கறுப்பு சூட் அனுப்பினாய். அவன் படித்துத் தேறி, பாஸ்கமுக்குப் பிறகு அந்த நிலையத்தையே நடத்த வேண்டும் என்பது உன் ஆசை. என் ஆசையும் அதுதான் என்று உனக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அதைக் கெடுத்தது. அதில் என் தவறு ஒன்றே ஒன்றுதான், அடக்கம் முடிந்ததும் சவ வண்டியின் ஹெட்லைட் விளக்கை அணைக்க மறந்தது.

அன்று டிராக்டர் மெக்கானிக் க்ளியோத்தா பேங்க்ஸுக்கு அடக்கம். டெமேரியஸ் உன் சூட்டும் வெள்ளைக் கையுறையுமாகப் பெட்டி தூக்கினான். க்ரீன்வில் பொருட்காட்சித் திடலில் இரண்டரை மணிக்கு ஒரு ராப் போட்டி, அதில் பெயர் கொடுத்திருப்பதாகக் கல்லறைத் தோட்டத்தில்தான் என்னிடம் சொன்னான். அவன் காரோ ஒரு வாரமாகப் படுத்த படுக்கை. சவ வண்டிக்கு டயர் மாற்ற என்னை க்ரீன்வில்லுக்குப் போகச் சொல்லியிருந்தார் பாஸ்கம். போகிற வழிதானே, ஏறு என்றேன். ஒரு தகப்பன் செய்தது அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இடப்பக்கம் திரும்பினால் சபை மண்டபம், அங்கே ஜெனீவா அறுபது துண்டு கோழி பொரித்து வைத்துக்கொண்டு துக்கச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறாள். வலப்பக்கம் திரும்பினால் க்ரீன்வில். நான் வலப்பக்கம் திரும்பினேன். வெளியூரிலிருந்து அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழி தெரியாது. விளக்கு எரிகிற சவ வண்டியின் பின்னால் போவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. பின்னால் யார் வருகிறார்கள் என்று நீ பார்க்கவில்லையா என்று கேட்பாய். உள்கண்ணாடியில் திரைதான் தெரியும். பக்கக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை முந்திப் போக யாருமே ஆசைப்பட்டதில்லை, அதனால் அதைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஓரங்கட்டி நின்றன. பருத்தி லாரிக்காரன் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். ஜனங்களுக்கு மரியாதை இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாற்பது மைல் ஓட்டினேன்.

திடலில் வண்டியை நிறுத்தினால் பின்னால் கதவு மூடுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல். திரும்பிப் பார்த்தேன். பதினொரு கார். கறுப்பு உடை, பெரிய தொப்பி, கையில் கைக்குட்டை, எல்லாருக்கும் நல்ல பசி. செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ஒருவர் ராட்டினத்தையும் பஞ்சுமிட்டாய்க் கடையையும் பார்த்துவிட்டு, "மிசிசிப்பியில துக்கச் சாப்பாடு இப்படித்தான் போடுவாங்களா?" என்று என்னையே கேட்டார். முதல் காரிலிருந்து இறங்கியது யார் தெரியுமா? க்ளியோத்தாவின் மனைவி ஆர்டெல்லா. அறுபது வருஷமாக இந்த ஊரிலேயே இருக்கிறவள், சபை மண்டபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவாள்.

நான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஆர்டெல்லாம்மா, வழி தப்பிடுச்சு" என்றேன்.

"எனக்கு வழி தெரியும் எல்ராய்" என்றாள். "அந்த மண்டபத்துக்குப் போனா ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சு, அவர் போயிட்டார்னு எனக்கே சொல்லுவாங்க. நீ வேற பக்கம் திரும்பினே. அதுவும் நல்லதுக்குத்தான்னு பேசாம உக்காந்திருந்தேன்." பிறகு மேடையைப் பார்த்தாள். "உள்ள நாற்காலி இருக்குமா?"

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் ஆர்டெல்லாவின் கறுப்பு முக்காட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று எல்லாரையும் அப்படியே உள்ளே விட்டுவிட்டாள். முதல் இரண்டு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் போட்டியில் நடுவர் கிடையாது, யாருக்குக் கூட்டம் அதிகம் கத்துகிறதோ அவனே ஜெயித்தவன். மெம்ஃபிஸிலிருந்து வந்தவன் தங்கப் பல்லோடு, இரண்டு வேன் நிறையக் கத்துவதற்கென்றே ஆள் கொண்டுவந்திருந்தான். நம்மவன் மேடை ஏறினான். வெள்ளைக் கையுறையைக் கழற்ற மறந்துவிட்டான். எதிரே பார்த்தால் ஆர்டெல்லா. அவன் தயார் செய்துவைத்த பாட்டைப் பாடினால் பாதிக்கு மேல் வெறுமையாக விட வேண்டியிருக்கும். வாயைத் திறந்தான், மூடினான். தங்கப் பல்காரனின் ஆட்கள், "யாரு செத்தது தம்பி, நீயா?" என்று கத்தினார்கள். என் முழங்கால் அன்றுதான் முதலில் வலித்தது.

பையன் சட்டைப் பைக்குள் கைவிட்டான். காலையில் அடக்க ஆராதனையில் கொடுத்த, க்ளியோத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு அச்சிட்ட தாளை எடுத்தான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். பாப்லர் மரச் சத்தம் அது, எனக்குத் தெரியும். பிறகு ஆரம்பித்தான்:

"கெட்டுப்போன எஞ்சின் எல்லாம் கேட்டு நடக்கும் அவர் பேச்சை,
கட்டுப்போட்ட விரலை வச்சே கண்டுபிடிப்பார் அதன் மூச்சை.
டிராக்டர் நின்னா யாரைக் கூப்பிடுவே?"

முதல் வரிசையிலிருந்து ஆர்டெல்லா, உட்கார்ந்தபடியே, "க்ளியோத்தாவை" என்றாள். அடுத்த முறை கேட்டபோது இரண்டு வரிசையும் சொன்னது. மூன்றாவது முறை செயின்ட் லூயிஸ்காரர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். சபையில் போதகர் கேட்டால் ஜனங்கள் திருப்பிச் சொல்வார்களே, அதே மாதிரி, காலையெல்லாம் அழுது தொண்டை பழகிய கூட்டம் வேறு. கடைசியில் தங்கப் பல்காரனின் வேன் ஆட்களும் "க்ளியோத்தாவை, க்ளியோத்தாவை" என்று கத்தினார்கள், அந்த மனுஷரை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. ஆர்டெல்லா முக்காட்டைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். அழவும் செய்தாள். இரண்டுக்கும் ஒரே கைக்குட்டைதான் வைத்திருந்தாள்.

அதற்குள் ஜெனீவாவின் போன். கோழி அறுபது துண்டு இருக்கிறது, ஆள் ஆறு பேர்தான் இருக்கிறார்கள், செத்தவரைப் புதைத்தீர்களா இல்லை இன்னும் சுற்றிக்காட்டுகிறீர்களா என்றாள். சொன்னேன். ஒரு மணி நேரத்தில் சபை வேனில் கோழி, உருளைக்கிழங்கு சாலட், பீச் பணியாரம் எல்லாவற்றோடும் என்னைக் கொல்வதற்காக வந்து இறங்கினாள். மகன் கோப்பையோடு நிற்கிறான். அவனைப் பார்த்தாள், ஆர்டெல்லாவைப் பார்த்தாள், தட்டை மேடையிலேயே வைத்துப் பரிமாற ஆரம்பித்துவிட்டாள். தங்கப் பல்காரனுக்கு இரண்டு தொடைக்கறி. என்னிடம், "நீ கடைசியில சாப்பிடு. மிஞ்சினா" என்றாள்.

பாஸ்கம் இரண்டு வாரம் என்னைச் சாவியைத் தொடவிடவில்லை, வண்டி கழுவ மட்டும் விட்டார். அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தது, அட்லாண்டாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மற்றதெல்லாம் உன் சிநேகிதியின் பேத்தி சொல்லி உனக்கே தெரியும். இப்போது பாஸ்கம் சபைக்குக் கொடுக்கிற அட்டை விசிறியில் ஒரு பக்கம் அவர் நிலையத்தின் விலாசம், மறுபக்கம் நம் பையன் முகம். ஞாயிற்றுக்கிழமை நூறு பெண்கள் என் மகனை ஆட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்கிறார்கள். பேட்டி எடுக்கிற எல்லாரிடமும் அவன் ஒரே கதையைத்தான் சொல்கிறான்: அப்பா அணைக்க மறந்த விளக்கால்தான் எனக்கு ஆள் கிடைத்தது, அதனால்தான் இந்தப் பெயர் என்று. நானும் பக்கத்தில் நின்று, ஆமாம், மறதிக்காரன் என்று தலையாட்டுகிறேன்.

ஆகவே அக்கா, இதில் யார் திட்டமும் இல்லை. பையன் கெட்டுப்போகவில்லை. மேடையில் இன்றைக்கும் நீ அனுப்பிய சூட்தான், கை மட்டும் இரண்டங்குலம் இறக்கித் தைத்திருக்கிறோம். நீ வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். காதில் வைக்கப் பஞ்சு நானே கொண்டுவருகிறேன். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் இருமுவதற்கும் நான் இருக்கிறேன்.

உன் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாரையும், அந்தக் கடுவன் பூனை உட்பட, கர்த்தர் காப்பாராக. ஜெனீவா உனக்கு முத்தமும் எனக்கு முறைப்பும் கொடுத்திருக்கிறாள், முத்தத்தை மட்டும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி
எல்ராய் டேட்டம்

பி.கு.: உன்னிடம் நான் பொய் சொன்னது சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தர்ப்பூசணி விஷயத்தில் மட்டும்தான். அந்தக் கணக்கு ஒன்றாகவே இருக்கட்டும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன், படித்ததும் கிழித்துவிடு. விளக்கை நான் அணைக்க மறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே அணைத்துவிட்டேன். வாசலுக்கு வந்ததும் பையன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "கத்துறதுக்கு எனக்கு ஆளே இல்லப்பா. பரவாயில்ல, பாடிட்டு வந்துடுறேன்" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான். எனக்குப் பக்கக் கண்ணாடியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பதினொரு கார் நின்றிருந்தது. நான் விளக்கை மறுபடி போட்டேன். முதல் காரில் இருந்த ஆர்டெல்லா அதைப் பார்த்திருப்பாள், இதுவரை கேட்டதில்லை. வழியில் லீலண்ட் ஊர் சிக்னலில் கடைசிக் கார் சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டது. அது வந்து சேரும்வரை மனிதர் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பையன், "ஏம்ப்பா இவ்வளவு மெதுவா?" என்று கேட்டான். டயர் சரியில்லை என்றேன். பின்னாடி திரும்பிப் பாருடா என்று சொல்ல வாய் வரை வந்தது, அக்கா. சொல்லவில்லை.