பிரகதாம்பாள் கேட்ட கேள்விகள்

வைரக்கண்ணு அந்த வருஷம் ஒரு சபதம் எடுத்தார். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரு நாள்கூட, ஒரு கிலோமீட்டர்கூட விடாமல் டிவியில் பார்த்துவிடுவது. வெண்ணாற்றங்கரையைவிட உயரமான மேடு எதையும் ஏறியறியாத மனிதர் அவர். ஆல்ப்ஸ் மலையில் ஒருவன் நாக்குத் தள்ள மிதிப்பதைப் பார்த்தால் அவருக்கு ஜென்மம் சாபல்யம். குறுவை நடவும் முடிந்துவிட்டது. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷமாகப் பந்தயத்தைப் பார்த்து வாயே திறக்காத அவர் மனைவி பிரகதாம்பாள், இந்த வருஷம் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, அந்த மஞ்சச் சட்டைக்காரன் சட்டையைத் துவைக்கவே மாட்டானா?"

"தினம் புதுசு குடுப்பாங்க. பேசாம பாரு."

"நேத்து ஜெயிச்சவன் வேறல்ல? சட்டையை இவன் போட்டிருக்கான்?"

"மொத்த நேரம் பிரகதா, மொத்த நேரம்! எல்லா நாளும் சேத்து யாருக்குக் குறைச்ச நேரமோ அவனுக்குத்தான் சட்டை."

"அப்ப ஒரு நாள்கூட ஜெயிக்காதவன் கடைசியில ஜெயிச்சுடலாமா?"

"ஜெயிக்கலாம்."

"நல்ல பந்தயங்க!"

மூன்றாம் நாள் கேள்விகள் பதினேழு. பதினேழாவது, "இவங்களை எல்லாம் வீட்டுல தேட மாட்டாங்களா?" அதுவும் கடைசிக் கிலோமீட்டரில். வைரக்கண்ணு அன்றே திட்டம் போட்டார்.

"உன் தங்கச்சி அகிலாண்டத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு! பேராவூரணி போய் ஒரு மூணு வாரம் இருந்துட்டு வாயேன்."

"மூணு வாரமா? உங்களுக்கு யாரு ஆக்கிப் போடறது?"

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பஸ் ஏறினாள். வைரக்கண்ணு தன் ராஜதந்திரத்தைத் தானே மெச்சி, அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அவள் போன முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ஒரு பொடியன் கூட்டத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய், நூறு கிலோமீட்டர் தன்னந்தனியாக மிதித்து, முடிவுக் கோட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்னால் பிடிபட்டான்.

"பாத்தியா அநியாயத்தை!" என்று திரும்பினார். நாற்காலி காலி. அல்வாவில் எறும்பு.

டீக்கடை அறிவுச்செல்வனிடம் சொல்லிப் பார்த்தார்.

"மலையில சைக்கிளா? எங்கண்ணே போறாங்க?"

"எங்கயும் போகலைப்பா. பந்தயம்."

"மலைன்னா பைக்கு எடுத்துக்கலாமேண்ணே."

அதன் பிறகு அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். சட்டையைத் துவைப்பார்களா என்றுகூட ஒரு நாள் கேட்டுக்கொண்டார். டிவி சத்தத்தைக் கூட்டக் கூட்ட வீடு பெரிசாகிக்கொண்டே போனது. வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பந்தயத்தில் ஓய்வு நாள் வந்தது. அன்று டிவியிலும் ஒன்றுமில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"பிரகதா, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு. உடனே கிளம்பி வந்துடு."

"இன்னிக்கு ரெஸ்ட் டேல்ல, அப்படித்தான் இருக்கும். நாளைக்கு மலை ஏத்தம் ஆரம்பிச்சா சரியாயிடும்."

இப்போது நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. "ரெஸ்ட் டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்களும்தான் பாக்கறோம். இங்க டிவி பெரிசு. மஞ்சச் சட்டைக்காரன் ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்டு முன்னால இருக்கான். ஆனா மலையில தாங்க மாட்டான்."

"அப்ப நீ கேட்ட கேள்வியெல்லாம்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போகட்டான்னு எட்டு வருஷமா கேட்டேன். விட்டீங்களா? அதான் கேள்வியை மாத்திக் கேட்டேன்."

வைரக்கண்ணு இறங்கி வந்தார்.

"தனியா பாக்கப் பிடிக்கலை பிரகதா. நானும் அங்க வரட்டுமா?"

அந்தப் பக்கம் அக்காளும் தங்கையும் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள்.

"வாங்க. ஒவ்வொரு டீம்லயும் தலைவருக்குத் தண்ணி பாட்டில் சுமக்கறதுக்குன்னே ஒருத்தன் வர்றான்ல? எங்க டீம்ல அந்த இடம் மட்டும்தான் காலி."