தோற்க விடாத மவுஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம், ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் தங்கப் பதக்கம் வாங்கிவிடக் கூடாது என்பதுதான். வாங்கத் தெரியாமல் இல்லை. வாங்கினால் சாயங்காலங்கள் பறிபோய்விடும். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். "தங்கம் வாங்கின அன்னைக்கே உனக்கு விட்டுத்தர்றேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, சாயங்கால ஆன்லைன் கிளாஸில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிறாள். ஊருக்கெல்லாம் கண் பார்க்கப் போகிறவள், தன் பாடத்தை உள்ளங்கை அகல ஃபோனில் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள். பார்க்க அவருக்கே பாவமாகத்தான் இருக்கும். இருந்தாலும் தங்கம் நெருங்கும்போதெல்லாம் சுவரைச் சுட்டுத் தோற்றுவிட்டு, "இன்னைக்கும் போச்சு" என்று பெருமூச்சு விடுவார். அவளும் கூடவே உச்சுக் கொட்டுவாள்.

அந்த வாரம் எல்லாம் தலைகீழானது. ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். எதிரி விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். இரண்டு பேர் விழுந்தார்கள். மவுஸைத் தரைப் பக்கம் இழுத்தால், குறி அடம்பிடித்து எதிரியின் நெற்றியில் போய் நின்றது. தங்கத்துக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான் பாக்கி என்றதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மவுஸ் ஒயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினனுக்கு ஃபோன் போட்டார். அவன் மென்று விழுங்கி விஷயத்தைக் கக்கினான். ஆடுபவருக்குப் பதிலாகக் குறிபார்க்கும் கருவியாம் அது. தான் வெறும் மவுஸ்தான் என்று அதற்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற புரோகிராம் கம்ப்யூட்டரிடம் சத்தியம் செய்யுமாம். விளையாட்டின் காவல் புரோகிராம் அதை நம்பினால் சரி. நம்பாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் இனி யாருமே ஆட முடியாது. வாங்கிப் போனது தன் அக்காதான் என்பதையும் சொல்லிவிட்டான்.

நேரே மனைவியிடம் போனார்.

"இதை நீயா மாட்டினே?"

"நான்தான்."

"கண்டுபிடிச்சா கம்ப்யூட்டரையே தள்ளி வெச்சிடுவாங்க, தெரியுமா?"

"கண்டுபிடிக்கலேன்னா உங்களுக்குத் தங்கம். எப்படி ஆனாலும் எனக்குக் கிளாஸ்."

ஃபோனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. நியாயம் அவள் பக்கம் என்பதால் இவருக்குக் கோபமும் சரியாக வரவில்லை. ஆனால் யோசனை வந்தது. விளையாட்டுக் கம்பெனிக்குத் தானே முந்திக்கொண்டு எழுதிவிட்டால்? வெற்றிகள் ரத்தாகும், நாணயஸ்தன் என்று பேர் கிடைக்கும், ஆட்டமும் தொடரும். உடனே எழுத உட்கார்ந்தார்.

"சும்மா கருவி இருந்துச்சுன்னு எழுதினா யாரு நம்புவா?" என்றாள் மனைவி. "நீங்க தோக்கத்தான் பாடுபட்டீங்கன்னு எழுதுங்க."

"அது உனக்கு எப்படி..."

"சுவத்தையே சுடுறவரோட குடும்பம் நடத்துறேன். தெரியாதா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்திலேயே, மாதக்கணக்கில் தெரிந்தே தோற்றுவந்த கதையை ஒன்று விடாமல் எழுதினார். அவள் பிழை திருத்திக் கொடுத்தாள்.

மறுநாளே பதில் வந்தது. கருவியைப் பற்றி அவராகவே சொன்னதால் அதை மன்னித்துவிட்டார்களாம். ஆனால் வேண்டுமென்றே தோற்பது விதிப்படி அதைவிடப் பெரிய மோசடியாம். அதனால் அவருடைய கம்ப்யூட்டருக்கு நிரந்தரத் தடை.

"இப்படி ஒரு விதி இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சேரும்போது படிக்காமலே 'சம்மதம்'னு அமுக்கினீங்களே, அதை நான் படிச்சேன். கொஞ்சம் எழுந்திருங்க, கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சு."