மனிதன் காலடி படாத தீவு

மனிதன் காலடி படாத தீவு ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்ற செய்தி அரசாங்கத்தின் காதுக்கு எட்டியதும், அதை அப்படியே கட்டிக்காக்க உடனே ஓர் ஆளை அங்கே குடிவைப்பது என்று தீர்மானமாயிற்று. தீர்மானத்தில் யாருக்கும் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

அந்த ஆள் அயல் உயிரினத் தடுப்புத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். தோட்டங்களில் நத்தையோடும் கிடங்குகளில் எலியோடும் ஆயுசில் பாதியைப் போராடித் தீர்த்தவர். "தீவுப் பாதுகாவலர்" என்று ஒரு பதவிப் பெயரும், முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸும், கழுத்தில் தொங்க ஒரு தொலைநோக்கியும் கொடுத்துப் படகேற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து எந்த உயிரினமும் தீவுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை.

தீவில் ஆலா என்ற கடற்பறவைகளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மனிதனையே கண்டிராத பறவைகள். பயம் என்றால் என்னவென்று தெரியாது. அவர் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே முட்டையிட்டன. ஒன்று அவர் தொப்பிமேல் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசியது. பாதுகாவலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"இங்க மனுஷ வாடையே இல்லம்மா. சொர்க்கம்!"

"அப்ப சமையல் யாரு?"

"தினமும் பிஸ்கட்டுதான்."

அடுத்த படகிலேயே அம்மாள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினாள். பாதுகாவலர் கையை விரித்துக் கரையில் மறித்தார்.

"இது பாதுகாக்கப்பட்ட இடம். எந்த உயிரினமும் உள்ள வரக் கூடாது!"

"நான் உயிரினமா? நான் உங்க குடும்பம். தள்ளுங்க."

விதிகளைப் புரட்டிப் பார்த்தார். அலுவலரின் குடும்பம் "தளவாடங்கள்" என்ற தலைப்பின் கீழ் அனுமதிக்கப்பட்டிருந்தது. தள்ளிக்கொண்டார்.

அம்மாளின் அரிசி மூட்டையிலிருந்து ஓர் எலி குதித்தது. நல்ல நேரம் பார்த்து வந்த கர்ப்பிணி எலி. பாதுகாவலர் பதறித் தலைமை அலுவலகத்திடம் முறையிட, அவர்கள் உரிய பரிசீலனைக்குப் பின் பூனைகளை அனுப்பினார்கள். பூனைகள் யோசித்தன. எலி ஓடுகிறது, ஆலா ஓடவில்லை. ஓடாததைத் தின்றன. பூனையைக் கண்காணிக்கக் காவலர் படை வந்தது. காவலர்களுக்கு டீ வேண்டுமே என்று அம்மாளின் தம்பி வந்து கடை போட்டான்.

"பாலுக்கு ஆடு ஓட்டிட்டு வந்திருக்கேன் அத்தான். நாலே நாலுதான்."

"ஆடு வரக் கூடாதுடா மச்சான்!"

"அப்ப உங்களுக்கு மட்டும் பால் இல்லாம போட்டுத் தரட்டுமா?"

பாதுகாவலர் டம்ளரை நீட்டினார். ஆடுகள் புதரை மேய்ந்தன. புதர் போனதும் மண் காற்றோடு பறந்தது. மண்ணைக் காப்பாற்ற சிமெண்ட் தளம் போட்டார்கள். தளம் போட வந்தவர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். வீடு என்று ஆனபின் குழந்தைகள் பிறக்காமல் இருக்குமா? பள்ளிக்கூடம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து நகரங்களில் தனிமை ஒரு நாகரிகமாகக் கிளம்பியிருந்தது. தனிமையைத் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் தீவில் வந்து குவிந்தார்கள். தனியாக நின்று படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசையில் முண்டியடித்தார்கள். தீவின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று இலாகா கண்டிப்பான உத்தரவு போட்டது: எல்லோரும் காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆகவே சட்டப்படி, மனிதன் காலடி இன்னும் அங்கே படவில்லை.

ஆலாக்கள் மட்டும் எங்கே முட்டையிடுவது என்று தெரியாமல் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றின. பாதுகாவலருக்குச் சோறு இறங்கவில்லை.

துறை இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். வந்ததும் கேட்டார்: "வெளியிலேருந்து புகுந்த உயிரினம் ஏதாவது உண்டாய்யா?"

பாதுகாவலர் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"எலி வந்தது சார். பூனை வந்தது, ஆடு வந்தது. ஆனா அதுங்க தானா வரல. ஒரே ஒரு உயிரினம் கூட்டிட்டு வந்தது. எலி எந்த ஊருக்குப் போனாலும் எலியாத்தான் சார் போகுது. துணைக்கு ஆட்டை ஓட்டிட்டுப் போறதில்ல, தளம் போடறதில்ல. இந்த உயிரினம் மட்டும் போற இடத்துக்கெல்லாம் தன் ஊரையே சுருட்டித் தூக்கிட்டுப் போகுது."

"அவ்வளவு மோசமானதா? பிடிச்சுக் கூண்டுல அடைங்க!"

அம்மாள்தான் மெல்லச் சொன்னாள்: "நம்மளத்தான் சொல்றார் சார்."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "மனுஷன் எப்படிய்யா உயிரினம் ஆவான்? பணியாளர், பார்வையாளர், குடும்பம். விதியில இந்த மூணுதான் இருக்கு." பிறகு மேலே அண்ணாந்து பார்த்தார். "இந்தப் பறவைங்க வருஷம் பூரா இங்கதான் இருக்குமா?"

"இல்ல சார். பருவத்துக்கு வந்து, குஞ்சு பொரிச்சுட்டுப் போயிடும்."

"ஆகா! கூட்டம் கூட்டமா வெளியிலேருந்து வருது. கேக்காம கூடு கட்டுது. குடியிருக்கறவங்க தலையில கொத்துது. இதுக்குப் பேர்தான்யா ஊடுருவல்! விரட்டுங்க!"

விரட்டும் பொறுப்பும் பாதுகாவலர் தலையில்தான் விழுந்தது. தகர டப்பாவும் குச்சியுமாக, தளத்தின் ஓரத்தில் எப்படியோ முட்டையிட்டிருந்த ஒரு தாய்ப் பறவையின் முன்னால் போய் நின்றார். அது அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, முட்டைமேல் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது. "போயிடு தாயி, என் வேலை போயிடும்" என்று கெஞ்சினார். அது அவர் பூட்ஸைக் கொத்தியது. அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். பின்னால் நின்ற காவலர் படை போடவில்லை. சாயங்காலத்துக்குள் ஆலாக்கள் எல்லாம் எழும்பி, தூரத்தில் தெரிந்த ஒரு மொட்டைப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை இயக்குநர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அந்தப் பாறையில இதுவரைக்கும் மனுஷன் காலே வெச்சதில்லையாம்! உடனே பாதுகாக்கணும். உங்களுக்குப் பதவி உயர்வு, கிளம்புங்க."

"நான் போகல சார்." பாதுகாவலர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "யாரும் போகாம இருந்தாலே அது பத்திரமா இருக்கும்."

அவர் சொன்னதைக் கேட்டுச் சுற்றுலாக் கூட்டம் கண்கலங்கிக் கை தட்டியது. பலர் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "நல்லாத்தான் பேசினீங்க. ஆனா நாம போகலைன்னா வேற எவனாவது போயிடுவான். அவன் உங்களை மாதிரி நல்லவனா இருப்பானா?"

பாதுகாவலர் இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தார். விடிந்ததும் படகேறினார்.

கடலில் பாதி தூரம் போனபின்தான் கவனித்தார், சுற்றிலும் படகுகள். இயக்குநரின் படகு, காவலர் படகு, மச்சானின் படகு, கண்கலங்கிய பறவை அன்பர்களின் படகுகள். "நாம போகலைன்னா வேற எவனாவது போயிடுவான்" என்று எல்லாப் படகிலும் யாரோ ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதுகாவலர் தொலைநோக்கியை எடுத்து நாலு திசையிலும் அந்த "வேற எவனை"த் தேடினார். ஒருவனும் அகப்படவில்லை. கண்ணுக்கு எட்டின தூரம்வரை எல்லாம் நாமாகவே இருந்தோம்.